ஆர்செனலின் பொற்காலம் எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்செனலின் ரசிகன், ஐந்தாறு வருடமாகத்தான். கூட உட்கார்ந்து பார்க்கும் மூத்தவர்கள், ஆட்டம் கொஞ்சம் மந்தமானால் போதும், ‘இன்வின்சிபிள்ஸ்’ (2003–04 சீசனில் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி) புராணத்தை எடுத்துவிடுகிறார்கள். லண்டனிலேயே காலம் கழித்த என் பெரியப்பாவோ, “2004 எல்லாம் என்னடா, ஆர்செனல் என்றால் 1989” என்கிறார். 2004 கோல்களின் தொகுப்பைத் தேடிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் இன்றைய வேகத்துக்கு முன் சாதாரணமாகத் தெரிந்தது. இதெல்லாம் வெறும் பழம்பெருமையா? எந்த சீசனை, எப்படிப் பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும்?

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பழம்பெருமை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள் பெரியப்பாவும் நண்பர்களும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடவில்லை. அவர் மனதில் இருப்பது ஒரே ஒரு இரவு. நண்பர்கள் மனதில் இருப்பது 49 என்ற எண், அதாவது தொடர்ந்து தோற்காமல் ஆடிய லீக் ஆட்டங்கள். ஆட்டத்தின் தரத்தை மட்டும் கேட்டால் என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை, 2001–02 சீசனுக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெரியப்பாவின் இரவு. 1989 மே 26, வெள்ளிக்கிழமை, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். லீக்கின் கடைசி ஆட்டம். லிவர்பூல் 76 புள்ளி, ஆர்செனல் 73. கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) லிவர்பூலுக்கு 39, ஆர்செனலுக்கு 35. ஆர்செனல் 1-0 என்று ஜெயித்தால் பயனில்லை. 2-0 என்றால் இரண்டு அணிக்கும் 76 புள்ளி, இரண்டுக்கும் வித்தியாசம் 37. அப்போது அதிக கோல் அடித்தவருக்குக் கோப்பை: ஆர்செனல் 73, லிவர்பூல் 65. அதுவும் லிவர்பூலை அவர்கள் ஊரிலேயே.

இரண்டு கோல் வேண்டிய ஆட்டத்துக்கு ஆர்செனல் மேனேஜர் ஜார்ஜ் கிரஹாம் ஐந்து டிஃபென்டர்களை இறக்கினார். பைத்தியக்காரத்தனம்போலத் தெரியும். ஆனால் டேவிட் ஓ’லியரி பின்னால் கூடுதலாக நின்றதால்தான் டிக்சனும் விண்டர்பர்னும் ஓரங்களில் தைரியமாக மேலே ஏற முடிந்தது. இடைவேளையில் 0-0. கிரஹாமுக்கு அது போதும். 52-ஆவது நிமிடத்தில் விண்டர்பர்ன் எடுத்த ஃப்ரீ கிக்கை ஆலன் ஸ்மித் தலையால் உரசி உள்ளே தள்ளினார். அது நேரடியாக கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக். ஸ்மித் தலையில் பந்து படவே இல்லை என்று லிவர்பூல் ஆட்டக்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள். கோல் நின்றது. 91-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் லுகிச் பந்தை உதைக்காமல் கையால் டிக்சனிடம் போட்டார். டிக்சன் நீளமாக ஸ்மித்துக்கு, ஸ்மித் மைக்கேல் தாமஸுக்கு. லிவர்பூல் டிஃபென்டர் நிக்கல்மேல் பட்டுத் தெறித்த பந்து மறுபடி தாமஸ் காலடிக்கே வந்தது. கோல்கீப்பர் குரோபெலார் கீழே சாயும்வரை காத்திருந்து அவருக்கு மேலே தூக்கிவிட்டார். (அதே தாமஸை 1991-இல் லிவர்பூலே வாங்கியது வேறு கதை.)

அந்த ஆட்டம் ஏப்ரலில் நடந்திருக்க வேண்டியது. ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் உயிரிழந்த நெரிசல் துயரத்தால் தள்ளிப்போனது. ஆர்செனல் ஆட்டக்காரர்கள் பூக்களோடு மைதானத்துக்குள் வந்து லிவர்பூல் ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் துயரத்தை விசாரித்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு பெரிய கிளப்புகளின் மைதானங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகள் போயின. ஆர்செனலின் பழைய வீடான ஹைபரியில், நார்த் பாங்க் படிக்கட்டில் ரசிகர்கள் கடைசியாக நின்றது 1992 மே மாதம். பிறகு எல்லாம் நாற்காலி, கொள்ளளவு 38 ஆயிரத்துச் சொச்சம், டிக்கெட் கிடைப்பதே பாடு. பெரியப்பா “1989” என்று சொல்லும்போது அதில் பாதி அந்தப் படிக்கட்டுதான் என்று நினைக்கிறேன். தொகுப்பு வீடியோவில் அது வராது.

இனி 2004. முதலில் ஒரு கணக்குத் திருத்தம். 49 ஆட்டமும் ஒரே சீசன் என்று பலர் நினைக்கிறார்கள். 2002–03-இன் கடைசி 2, 2003–04-இன் 38, அடுத்த சீசனின் முதல் 9. கூட்டினால் 49. அந்த 38-இல் 26 வெற்றி, 12 டிரா, 90 புள்ளி. லீக்கில்தான் தோற்கவில்லை. எஃப்ஏ கோப்பை அரையிறுதி, லீக் கோப்பை அரையிறுதி, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, மூன்றிலும் வெளியேறினார்கள். அதிர்ஷ்டமும் இருந்தது: 2003 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் கடைசி நேர பெனால்டியை அவர்களுடைய வான் நிஸ்டல்ராய் கிராஸ்பாரில் அடித்தார். உள்ளே போயிருந்தால் இந்தப் புராணமே இல்லை.

தொகுப்பில் அந்த அணி சாதாரணமாகத் தெரிவதற்குக் காரணம், கோலுக்கு முந்தைய நான்கு விநாடி வெட்டப்பட்டிருப்பது. காகிதத்தில் அது 4-4-2: நான்கு டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர். களத்தில் ஆன்ரி ஸ்ட்ரைக்கர் இடத்தில் நிற்கமாட்டார், இடது ஓரத்துக்கு விலகுவார். அவரைப் பிடிக்க வேண்டியது ரைட் பேக்கா, சென்டர் பேக்கா என்று எதிரணி குழம்பும். இடது மிட்ஃபீல்டர் பிரெஸ் வலதுகாலர், அதனால் உள்ளே வெட்டுவார். அவர் காலி செய்த ஓரத்தில் லெஃப்ட் பேக் ஆஷ்லி கோல் ஏறுவார். ஒரே பக்கத்தில் மூன்று பேர். பெர்க்காம்ப் கீழே இறங்கி அவர்களுக்குப் பந்து சப்ளை. இவ்வளவும் இடதில் நடக்கும்போது வலதில் யுங்பெர்க் பந்தே கேட்காமல் டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டம்) ஓடுவார். ஆஷ்லி கோல் ஏறியதால் விழுந்த ஓட்டையை மிட்ஃபீல்டர் கில்பர்ட்டோ நகர்ந்து அடைப்பார், ரைட் பேக் லாரன் பெரும்பாலும் பின்னாலேயே நிற்பார். இந்த இருவர் பெயர் எந்தத் தொகுப்பிலும் வராது. அவர்கள் இல்லையென்றால் அணி பாதியாகப் பிளந்துவிடும்.

இது எங்கே மாட்டும்? முன்னால் வராமல் பாக்ஸுக்கு முன் குவிந்து நிற்கும் அணியிடம். ஓட இடம் வேண்டும் என்பதே இந்த ஆட்டத்தின் பலவீனம். கிராஸ் போட்டால் தலையால் முட்டிப் போடுவதையே பலமாகக் கொண்ட ஸ்ட்ரைக்கரும் முதல் அணியில் இல்லை. சொந்த மைதானத்திலேயே ஃபுல்ஹாமோடு 0-0, பர்மிங்ஹாமோடு 0-0. அந்த 12 டிராக்களில் பலவற்றுக்கு விளக்கம் இதுதான்.

என் 2001–02-க்கு வருகிறேன். அந்த அணி மூன்று ஆட்டம் தோற்றது, மூன்றும் சொந்த மைதானத்தில். வெளியூரில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 38 ஆட்டங்களில் ஒன்றில்கூட கோல் அடிக்காமல் திரும்பவில்லை, மொத்தம் 79. கடைசி 13 லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தது. மார்ச்சில் முழங்கால் காயத்தால் பிரெஸை இழந்த பிறகும். மே 4 எஃப்ஏ கோப்பை, மே 8 ஓல்ட் டிராஃபோர்டில் வில்டோர் அடித்த ஒற்றை கோலில் லீக். பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: 1989-இல் ஆன்ஃபீல்டில் ஆடிய டோனி ஆடம்ஸும் டிக்சனும் இந்த அணியிலும் பதக்கம் வாங்கியவர்கள். அவருக்கு இது பிடிக்கும்.

பார்க்கும் முறை. 2004 ஏப்ரல் 9, ஹைபரியில் லிவர்பூலோடு நடந்த ஆட்டத்தில் தொடங்குங்கள். ஆறு நாளில் இரண்டு கோப்பைகளிலிருந்து வெளியேறி வந்த அணி, இடைவேளையில் 1-2 பின்தங்கியிருந்து 4-2 என்று ஜெயித்தது. முழு 90 நிமிடமும் பாருங்கள். முதல் பாதியில் பந்தைப் பார்க்காமல் ஆஷ்லி கோலையும் கில்பர்ட்டோவையும் மட்டும் கவனியுங்கள். இரண்டாம் பாதியில் ஆன்ரி எங்கிருந்து ஓட்டத்தைத் தொடங்குகிறார் என்று பாருங்கள். அடுத்து, கஷ்டமாக இருந்தாலும், 2003 நவம்பர் 30 ஃபுல்ஹாம் ஆட்டம். அதில் எதிரணி கோல்கீப்பர் வான் டெர் சாரைப் பார்ப்பதே தனி சுகம். முந்தையதில் ஓடிய இயந்திரம் இதில் எங்கே சிக்குகிறது என்று தெரியும்.

ஆன்ஃபீல்ட் ஆட்டத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். பெரியப்பா ஊருக்கு வரும்போது அவரோடு உட்கார்ந்து பாருங்கள். 52-ஆவது நிமிடத்தில் நிறுத்தி, ஸ்மித் தலையில் பட்டதா என்று கேளுங்கள்.

அன்புடன்.