கோல் செய்தவர்கள் எங்கே?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்றபின் மகனோடு அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் இருக்கிறேன். நுனியில் வலை கட்டிய கோலால் பந்தாடும் ஆட்டம் லக்ரோஸ்; இங்குள்ள பல்கலைக்கழக லக்ரோஸ் அணியின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். 1990 கோப்பையைக் கணக்கில் சேர்க்கலாமா? லக்ரோஸுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

ஆட்டக்காரர் ஒருவரின் கார் கடனுக்குப் பயிற்சியாளரின் மனைவி கையெழுத்துப் போட்டதால் பறிபோன கோப்பை அது. ஜெயித்தார்கள், பிறகு பறித்தார்கள் என்று ஒரு வரி போதும்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 1916இல் அணி தொடங்கியது என்று ஆரம்பிக்கிறீர்கள், ஏதோ அன்றைக்குத்தான் ஆட்டமே பிறந்த மாதிரி. ஊருக்குத் தெற்கே கால்மணி நேரம் காரில் போனால் ஒனொண்டாகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். படைத்தவன் மகிழ வேண்டும், நோயாளி தேற வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக இதை ஆடியவர்கள் அவர்கள். போய்ப் பார்த்தீர்களா?

1957இல் பத்து ஆட்டமும் வென்ற அணியைப் பற்றி எழுதும்போது எதிரணி வலைக்குள் 43 முறை பந்தைப் போட்ட ஜிம் பிரௌனுக்கு ஒன்றரைப் பக்கம். சரி, தகும். கோல்கீப்பர் ஓரன் லயன்ஸுக்கு ஒரே வரியா? அவர் ஒனொண்டாகாக்காரர். ஒனொண்டாகா உட்படப் பல பூர்வகுடிகள் சேர்ந்த இரோகுவா கூட்டமைப்பின் தேசிய அணியை 1983இல் உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த அணி சொந்தப் பாஸ்போர்ட்டோடு 2010இல் மான்செஸ்டர் உலகப் போட்டிக்குக் கிளம்பியபோது பிரிட்டன் உள்ளே விட மறுத்தது.

அந்தப் பக்கம் ஒருமுறை போயிருந்தபோது ஒரு பெரியவர் பழைய ஹிக்கரி மரக் கோலை என் கையில் கொடுத்தார். கனத்தில் மணிக்கட்டு தொய்ந்தது. மரத்தைப் பிளந்து, ஆவி காட்டி வளைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, தோல்வாரில் வலை பின்னுவது பற்றி அவர் பேசப் பேச எனக்கு டீ ஆறிப்போனது. ஆண்பிள்ளை பிறந்தால் தொட்டிலில் ஒரு சின்னக் கோல் வைப்பார்களாம், செத்தால் குழியில் ஒன்று. 1970 வாக்கில் பிளாஸ்டிக் தலை வரும்வரை பல்கலைக்கழகப் பையன்கள் பிடித்ததும் பெரும்பாலும் பூர்வகுடிக் கைகள் செய்த கோல்தான். உங்கள் அத்தியாயத்தில் கோப்பைப் பட்டியல் மட்டும் ஆறு பக்கம், கோல் செய்த ஒருத்தர்கூட இல்லை. பயிற்சியாளரின் தொப்பி என்ன நிறம் என்று எழுதத் தெரிகிறது!

பெயர் கேட்டீர்களே. லக்ரோஸ் என்பதே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது, அதன்மேல் நாமும் ஒன்று வைக்க இப்போது என்ன அவசரம்? இந்தச் சனிக்கிழமை மகனைக் காரை எடுக்கச் சொல்லுங்கள். வந்து அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள், திட்டவாவது படிக்கிறேன். கையெழுத்துப் படியாக வேண்டாம், என் கண் தாங்காது.