மாட்டு மார்க்கரை வைத்து எருமையை ஆராயலாமா?

பசுமாட்டில் கண்டுபிடித்த மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்களை (விலங்குகளை மரபளவில் ஒப்பிட உதவும் டி.என்.ஏ. அடையாளங்கள்) எருமை ஆய்விலும் பயன்படுத்துகிறார்களே, அந்த முடிவுகளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன்படுத்தலாம். முனைவர் பட்ட ஆய்வில் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஜெல்லில் (டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் கூழ்) பட்டை விழுந்துவிட்டது என்பதற்காக மார்க்கர் சரியாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மைக்ரோசாட்டிலைட்டில் இரண்டு மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணிக்கை வேகமாக மாறும். இருபுறமும் உள்ள வரிசை மெதுவாகத்தான் மாறும். அந்தத் துண்டை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. இழையான பிரைமர் ஒட்டுவது அந்த ஓரங்களில். அதனால்தான் மாட்டின் பிரைமர்கள் செம்மறியாட்டிலும் வேலை செய்வதை 1991-லேயே காட்ட முடிந்தது. மாட்டுக்கு 60 குரோமோசோம், நம் ஆற்று எருமைக்கு 50 என்றாலும் பயப்பட வேண்டாம். எருமையின் முதல் குரோமோசோம் மாட்டின் 1-ம் 27-ம் சேர்ந்து ஒட்டியது. இப்படி ஐந்து ஜோடிகள் ஒட்டியதால்தான் எண்ணிக்கை குறைந்தது.

சிக்கல் எங்கே என்றால், பிரைமர் ஒட்டும் இடத்தில் எருமையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த அல்லீல் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் வடிவம்) பிசிஆரில் (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருகாமல் போகலாம். ஒரு மார்க்கரில் எனக்குத் தாய் எருமை 180/180 (இரண்டு அல்லீல்களின் நீளம், எழுத்துக் கணக்கில்) என்றும், அதன் கன்று 188/188 என்றும் வந்தன. பெற்ற கன்று தாயிடமிருந்து ஒரு அல்லீல்கூட வாங்காமல் இருக்க முடியாது. மாதிரி மாறிவிட்டதோ என்று இரண்டு வாரம் குழாய் குழாயாகச் சரிபார்த்தேன். மற்ற மார்க்கர்கள் எல்லாம் பொருந்தின. கடைசியில் பிரைமர் ஒட்டும் வெப்பநிலையைக் குறைத்து ஓட்டியபோது, இரண்டிலும் அதுவரை தெரியாமல் இருந்த அல்லீல் மங்கலாகத் தெரிந்தது. தாய் அதைத்தான் கன்றுக்குக் கொடுத்திருந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. பெருகாத அல்லீல் இருந்தால் ஹெட்டிரோசைகஸ் (இரண்டு வேறு அல்லீல் உள்ள) விலங்கு ஹோமோசைகஸாக (இரண்டும் ஒரே அல்லீலாக) தெரியும். மந்தையில் இன்பிரீடிங் (நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை) அதிகம் என்று கணக்கு சொல்லும். நீலகிரியில் தோடர்கள் வளர்க்கும் எருமை போல, எண்ணிக்கை குறைந்து தனித்திருக்கும் இனத்தைப் பற்றி அப்படி ஒரு தவறான முடிவு எழுதினால், கிடா தேர்வு வரை அது போகும். பிரித்தறிய வழி உண்டு: உண்மையான இன்பிரீடிங் எல்லா மார்க்கர்களிலும் பரவலாகத் தெரியும், பெருகாத அல்லீலின் விளைவு ஒன்றிரண்டு மார்க்கர்களில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. எந்த விலங்கில் மார்க்கரைத் தேடினார்களோ, அதில் நீளமாக இருப்பதையே பொறுக்கியிருப்பார்கள்; நீளமானவற்றில்தான் பொதுவாக வேற்றுமை அதிகம். மாட்டில் எடுத்தவை மாட்டிலும், செம்மறியில் எடுத்தவை செம்மறியிலும் நீளமாக இருப்பதை 1990-களில் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆகவே மாட்டு மார்க்கரை மட்டும் வைத்து "எருமையில் மரபு வேற்றுமை குறைவு" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எருமை இனங்களைத் தங்களுக்குள் ஒப்பிடுவது வேறு, அதற்குத் தடையில்லை.

எஸ்.என்.பி. சிப்பில் (ஒற்றை எழுத்து வேறுபாடுகளை ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் படிக்கும் தட்டு) இது இன்னும் கடுமை. மாட்டின் 50 கே (சுமார் 50 ஆயிரம் இடங்கள்) சிப்பில் எருமை டி.என்.ஏ.வைப் போட்டால் பெரும்பாலான இடங்களில் எல்லா எருமைக்கும் ஒரே எழுத்துதான் வரும். எருமைக்கென்றே 90 கே சிப் உருவாக்கியது அதனால்தான்.

உங்களிடம் ரத்த மாதிரிகள் ஏற்கெனவே இருந்தால், அவற்றில் பத்துப் பதினைந்து தாய்–கன்று ஜோடிகளை முதலில் ஓட்டிப் பாருங்கள். பொருந்தாத மார்க்கரைத் தூக்கிவிடுங்கள், அல்லது 2019-ல் குரோமோசோம் அளவில் வெளியான எருமை மரபுத்தொகுதியைப் பார்த்துப் பிரைமரை மாற்றி எழுதுங்கள்.