பாட்டிலைத் திறக்கும் முன் பெட்ரோலைப் பாருங்கள்

வாகனக் கேள்வி–பதில்: நாகர்கோவில் வடசேரியில் என்ஜின் போரிங் பட்டறை நடத்தும் மேஸ்திரி பதில் அளிக்கிறார்

கேள்வி: மேஸ்திரி அண்ணனுக்கு வணக்கம். என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் இருக்கிறது. 106 குதிரைத்திறன். துபாயில் இருக்கும் மைத்துனர் விடுமுறைக்கு வரும்போது நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை என்ஜினுக்குள் செலுத்தி 75 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் கிட் ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். என்ஜினுக்குச் சேதம் வராமல் பொருத்த முடியுமா? காவல்கிணறு நான்கு வழிச் சாலையில் ஓட்டிப் பார்க்க ஆசை.
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான்கு வழிச் சாலையில் வேண்டாம். தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் முதலில் நைட்ரஸ் பாட்டில் இருக்கும் டிக்கியைத்தான் திறப்பார். அதோடு, ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக் காற்று முப்பந்தலில் பக்கவாட்டில் அறையும்போது லாரிகளே தடுமாறுகின்றன. அந்த இடத்தில் 75 குதிரைகளைக் கூடுதலாக அவிழ்த்துவிடுகிறவரை நான் ஓட்டுநர் என்று சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அனுமதி வாங்கி, வண்டியை ஏற்றிக்கொண்டு அங்கே போங்கள். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. என்ஜினுக்குள் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது பிரிந்து ஆக்சிஜனை விடுகிறது. காற்றின் எடையில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். கூடாவிட்டால் வெப்பம் எகிறும், தட்டல் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) தொடங்கும், பிஸ்டன் போகும். டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, அளவுக்கு மீறி முன்னால் ஏற்றிய வண்டிகளின் பிஸ்டன்கள் என் லேத்துக்கு வருவதுண்டு. ரிங் பள்ளங்களுக்கு இடையில் உள்ள மெல்லிய வரப்பு உடைந்திருக்கும், அல்லது வெளியேற்று வால்வின் பக்கமாக ஓரம் உருகி வழிந்திருக்கும். பெட்ரோல் குறைந்த நைட்ரஸ் இதே வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடும்.

ஆகவே கிட் வருவதற்கு முன்பே என்ஜினைச் சோதியுங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் அமுக்கும்போது வரும் அழுத்தம்) அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருபது வயது தாண்டிய என்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் தளர்ந்திருந்தால் நைட்ரஸ் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து பெட்ரோல் பம்ப். முழு த்ராட்டிலில், உயர்ந்த சுற்றில் அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். பழைய பம்பை நம்பி 75 குதிரைத்திறனுக்கு ஜெட் (வாயுவின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் துண்டு) போடுவது தற்கொலை. உங்கள் வண்டிக்கு 35 குதிரைத்திறன் ஜெட்டில் தொடங்கினால் போதும். மைத்துனர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் 'வெட்' வகை கிட்டை வாங்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும்) வகையாக இருக்கட்டும், இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள். கூட்டும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் இக்னிஷன் டைமிங்கைச் சுமார் 2 டிகிரி பின்னுக்கு இழுப்பது வழக்கம். டேங்கில் 95 ஆக்டேன் பெட்ரோலுக்குக் குறையாமல் ஊற்றுங்கள். காற்று–பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் ஒரு முறைகூட பொத்தானை அழுத்தாதீர்கள். பொத்தானை முதல் முறை அழுத்துவது, சக்கரத்தைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோ உருளையின் மேல்தான் நடக்க வேண்டும். டைனோ வைத்திருக்கும் கடைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கின்றன.

பொத்தானை நேராக சொலினாய்டுக்கு (நைட்ரஸைத் திறந்து மூடும் மின் வால்வு) இழுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். ரிலே, ஃபியூஸ், தலைமை சுவிட்ச் மூன்றும் வேண்டும். அதற்குப் பிறகு த்ராட்டில் முழுதாகத் திறந்தால் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்ச். பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை நிறுத்தும் சுவிட்ச். இவை இரண்டையும்விட நான் மதிப்பது, சுற்று எண்ணிக்கையைப் பார்த்துத் திறந்து மூடும் விண்டோ சுவிட்ச். 3,000 சுற்றுக்குக் கீழே நைட்ரஸ் போனால் மெதுவாகச் சுழலும் என்ஜினில் அழுத்தம் தாறுமாறாக ஏறி கனெக்டிங் ராட் வளையும். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கிப் பின்வெடிப்பும் வரலாம். மேல் எல்லையிலும் ஆபத்து இருக்கிறது. சிவப்புக் கோட்டில் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டும்போது நைட்ரஸ் ஓடிக்கொண்டிருந்தால் கலவை வறண்டுவிடும். அந்த வெட்டுக்கு 200, 300 சுற்றுக்கு முன்பே விண்டோ சுவிட்ச் மூடும்படி வையுங்கள்.

கடைசியாக பாட்டில். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேடு நம் வெயிலுக்குப் பொருந்தாது. கிட்டில் வரும் ஜெட்கள் சுமார் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தைக் கணக்கிட்டுச் செய்தவை. 30 டிகிரி வெப்பத்தில் பாட்டில் தானாகவே அந்த அழுத்தத்தில் நிற்கும், அதாவது நம் மாவட்டத்தில் ஒரு சாதாரண முற்பகல் போதும். கிட்டோடு ஹீட்டர் வந்தால் பரணில் போடுங்கள். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. அழுத்தம் 1,050 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அந்த வெப்பத்தை எளிதில் தாண்டிவிடும். அப்போது அதே ஜெட் வழியே கூடுதல் நைட்ரஸ் போகும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். பாட்டில் அழுத்தக் கேஜைப் பார்க்காமல் தடத்தில் இறங்காதீர்கள். சூடாக இருந்தால் நிழலில் வைத்து ஆறவிடுங்கள்.

பாட்டிலை டிக்கியின் இரும்புத் தளத்தில் போல்ட் போட்டு, வால்வு முன்னோக்கி, சற்று உயர்ந்து, லேபிள் மேல்பக்கம் தெரியும்படி பொருத்த வேண்டும். உள்ளே இருக்கும் குழாய் அப்போதுதான் திரவத்தை உறிஞ்சும். அழுத்தம் மீறினால் உடையும் தகட்டிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடுங்கள். அது இல்லாமல் தகடு உடைந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, அழுத்தமுள்ள நைட்ரஸோடு சேர்ந்தால் அவை பற்றிக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் வால்வை மூடிவிட்டு, குழாயில் மிஞ்சியதை வெளியேற்றுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டு பாட்டிலை இங்கே கொண்டுவரவும் நிரப்பவும் 2016 காஸ் சிலிண்டர் விதிகளின்படி பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் அனுமதி வேண்டும். மைத்துனர் டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் பயன்படும் நீல நிற சிலிண்டரிலிருந்து நைட்ரஸ் நிரப்பிக்கொள்ளலாம் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
(கல்லூரி மாணவர், கருங்கல்)

பதில்: வாயு ஒன்றுதான், வழி தவறு. எடை போடாமல் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அளவுக்கு மேல் நிரம்பிவிட்டால், வெயில் ஏறியதும் அது வெடிகுண்டுதான். சட்டமும் விடாது. இன்னொன்று: உங்கள் நண்பன் அதை மோந்து பார்க்கிற ஆளாக இருந்தால் உடனே அவன் வீட்டில் சொல்லுங்கள். தொடர்ந்து இழுத்தால் உடம்பில் பி12 வைட்டமின் செயலிழந்து நரம்பு கெடும், கால் மரத்து நடை தளரும்.

கேள்வி: ரப்பர் தோட்டத்திலிருந்து ஷீட் ஏற்றி இறங்கும் டீசல் ஜீப்புக்கு நைட்ரஸ் வைத்தால் ஏற்றத்தில் உதவுமா?
(வாசகர், குலசேகரம்)

பதில்: டீசலில் வேறு கணக்கு. கரும்புகை விடும் டீசல் என்ஜினில் எரியாத எண்ணெய் ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது. நைட்ரஸ் அதை எரிக்கும், தனியாக எண்ணெய் ஜெட் வேண்டாம். ஆனால் நாலரைக் கிலோ பாட்டில் 75 குதிரைத்திறன் ஜெட்டில் இரண்டு, மூன்று நிமிடங்களில் காலியாகிவிடும். உங்கள் தோட்டத்து ஏற்றம் அதற்குள் முடிகிறதா? ஜீப் கரும்புகை விடுவதால்தான் இந்த எண்ணம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், இன்ஜெக்டர்களைக் கழற்றி பம்ப் கடையில் கொடுத்துத் தெளிப்பைச் சோதியுங்கள், கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். பிறகும் ஏறாவிட்டால் ஷீட்டை இரண்டு நடையாக இறக்குங்கள்.