கேள்வி நேரம்: பளிங்குத் தண்ணீரும் பிடிவாத உப்பும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்த்தேன். சாயம் நீங்கிய தண்ணீர் பளிங்கு போல இருந்தது. அதை நொய்யலில் விடாமல் ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டல்), எவாப்பரேட்டர் (ஆவியாக்கும் கலன்) என்று இன்னும் ஏன் பாடுபடுத்துகிறார்கள்?
– ஒரு வாசகர், சென்னிமலை

பதில்: நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா? பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, 'திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்ததே!

அப்படியொரு நிலையத்தின் ஆய்வகத்தில்தான் என் பணிக்காலம் கழிந்தது. யாராவது பார்க்க வந்தால் இரண்டு குடுவைகளை எடுத்து வைப்பேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர்; மற்றதில் உங்கள் பளிங்கு. எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொன்னவர் கிடையாது. பிறகு டி.டி.எஸ். மீட்டரை, அதாவது கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவியை, நனைப்பேன். முதல் குடுவையில் சில நூறு காட்டும். இரண்டாவதில் லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டும். வெளியே விடுவதற்கான வரம்பு 2,100.

இவ்வளவு உப்பு சாயமிடும்போதே சேர்ந்தது. தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை, ஒட்டாமல் விலகும். உப்பு நடுவில் புகுந்தால்தான் சாயம் நூலில் ஏறும். கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் தரகர் அப்படியே சாக்கடைக்கு வந்துவிடுகிறார். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அவரைச் சீண்டுவதே இல்லை. நிறத்தைப் படியவைக்க நாங்கள் போடும் சுண்ணாம்பும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) தம் பங்குக்கு உப்பைக் கூட்டிவிடும் என்பது தனி வேடிக்கை.

ஆர்.ஓ. சவ்வு 100 லிட்டரில் 85 லிட்டரை நல்ல நீராகச் சாயப்பட்டறைக்குத் திருப்பித் தரும். உப்பு முழுவதும் மிச்சம் 15 லிட்டரில் நெருக்கியடித்து நிற்கும், கடல்நீரைவிடக் கரிக்கும். இதற்கு மேல் பிழிய வேண்டுமானால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், சவ்வு தாங்காது. அதனால்தான் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் எவாப்பரேட்டர். முதல் கலனில் எழும் ஆவியே அடுத்த கலனுக்கு அடுப்பு. அங்கே காற்றழுத்தம் குறைவென்பதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இவ்வளவு சிக்கனம் பார்த்தும் கொதிகலனுக்கு விறகு லாரிகள் வந்துகொண்டேதான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, இந்தச் செலவிலிருந்து யாரும் நழுவ முடியவில்லை.

கேள்வி: கடைசியில் கிடைக்கும் உப்பை விற்றுவிடலாமே?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பாதி நியாயம். பட்டறை சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் பயன்படுத்தியிருந்தால், செறிந்த கரைசலைப் பத்து டிகிரி அளவுக்குக் குளிரவைக்க வேண்டும். அந்த சல்பேட், கிளாபர் உப்பு என்ற பெயரில், பனிக்கட்டிபோல் படிகமாகி இறங்கும். அது மறுபடி சாயத்தொட்டிக்கே போகும். எங்களுக்கு வரவு வைக்கக் கிடைத்தது அதுதான்.

சாதா உப்பும் சல்பேட்டும் கால்சியமும் பழுப்பு நிறமும் ஒன்றாகக் கலந்த மிச்சத்தை யாரும் வாங்குவதில்லை. மண்ணில் புதைத்தாலோ முதல் மழைக்கே கரைந்து கிணற்றைத் தேடிப் போகும். எனவே மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கினோம். நான் ஓய்வுபெற்ற அன்று கொட்டகையை ஒட்டி இன்னொரு கொட்டகைக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.