உத்தரவு கையில் இருக்கிறது, மகளைப் பார்க்க முடியவில்லை

வணக்கம். நானும் மனைவியும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 7 வயது மகள் அவரிடம் இருக்கிறாள். ‘மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இருவருக்கும் வசதியான நேரத்தில் மனுதாரர் குழந்தையைச் சந்திக்கலாம்’ என்று குடும்பநல நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். காய்ச்சல், டியூஷன், உறவினர் கல்யாணம் என்று ஏதாவது ஒரு காரணம். இப்போது ‘பாப்பா வரமாட்டேங்கிறா’ என்கிறார்கள். மாதாமாதம் கொடுக்கும் பணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவார்களா? அவமதிப்பு வழக்கு போடச் சொல்கிறார் நண்பர்.
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தை நிறுத்தாதீர்கள். உங்கள் நிலையில் இருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பராமரிப்புத் தொகை குழந்தைக்குச் சேர வேண்டியது. பார்க்க விடவில்லை என்பது அதை நிறுத்தக் காரணமாகாது. நிறுத்தினால் நிலுவைக்கு மனு வரும். அதன்பின் நீதிபதி முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அவமதிப்பு வழக்கும் இப்போது வேண்டாம். 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்று நீங்கள் காட்ட வேண்டும். ‘இருவருக்கும் வசதியான நேரம்’ என்று இருக்கும் உத்தரவில், ‘அன்று எனக்கு வசதிப்படவில்லை’ என்று சொன்னாலே போதும், உங்கள் மனு படுத்துவிடும். பின்னால் அந்த வழி தேவைப்பட்டால், மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்தக் கெடுவை மட்டும் மறக்க வேண்டாம்.

கோளாறு உத்தரவின் வாசகத்தில் இருக்கிறது. அதே வழக்கில் அதைத் திருத்தக் கோரி மனு போடுங்கள். குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்பது பற்றிய உத்தரவு, இருவரும் சம்மதித்துப் பெற்றதே ஆனாலும், குழந்தையின் நலனுக்காக மாற்றக்கூடியது என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் கோரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: ‘ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் ஞாயிறு காலை 10 மணிக்கு எதிர்மனுதாரர் அல்லது அவருடைய தாயார் குழந்தையை இன்ன இடத்துக்கு அழைத்து வர வேண்டும். மாலை 5 மணிக்கு மனுதாரர் அதே இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். உடல்நலக் குறைவு என்றால் முந்தைய நாள் மாலைக்குள் மருத்துவச் சான்றுடன் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதற்கு ஈடாகும்.’

இந்த ஈடு நாள் வரிதான் உயிர். அது இல்லாத உத்தரவில் ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு சந்திப்பைத் தின்றுவிடும். உடல்நலக் குறைவை மட்டும் சொல்லியிருப்பதால், டியூஷன், கல்யாணம் எல்லாம் விலக்கு ஆகாது என்பதும் வாசகத்திலேயே அடங்கிவிடுகிறது. கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்பதையும் எழுதிக் கேளுங்கள். வீடியோ அழைப்பையும் விடாதீர்கள். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திராத பெற்றோருக்கு, தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

மனுவோடு ஒரு அட்டவணை வையுங்கள். தேதி, நீங்கள் கேட்டது, வந்த பதில், அவ்வளவுதான். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, ‘வரமாட்டேங்கிறா’. அம்மாதான் சொல்லிக் கொடுக்கிறார் என்று உடனே மனுவில் எழுதிவிடாதீர்கள். 7 வயதுக் குழந்தைக்கு ஐந்து மாதம் மிக நீண்ட காலம். அப்பாவோடு தனியாகப் போகத் தயங்குவது இயல்பாகவும் இருக்கலாம். 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் பிரிவு 17, விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் கொள்ள இடம் தருகிறது. நீதிபதி தன் அறையில் மகளிடம் பேசக்கூடும். அதனால் மேலே சொன்ன முழுநாளை ஒரேயடியாகக் கேட்காமல், முதல் மூன்று சந்திப்புகள் நீதிமன்ற ஆலோசகர் முன்னிலையில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று மணி நேரம், அதன்பின் முழுநாள் என்று படிப்படியாகக் கேளுங்கள். குழந்தைக்கும் அது நல்லது, நீதிமன்றமும் அதைத் தரத் தயங்காது.

அந்த ஒரு மணி நேரத்தில் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். மகள் பேசுவதைப் போனில் பதிவு செய்யவே செய்யாதீர்கள். ஆதாரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். குழந்தையைச் சாட்சியாக்கும் தகப்பன் என்ற எண்ணம்தான் நீதிபதிக்கு வரும்.

திருத்திய உத்தரவு வரும்வரை, அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் முந்தைய வியாழனன்று ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே இருங்கள்: ‘ஞாயிறு காலை 10 அல்லது மாலை 4, எது வசதி? சொன்ன இடத்துக்கு வருகிறேன்.’ பழைய கணக்கு எதையும் அதில் சேர்க்க வேண்டாம். நாளைக்கு அந்தச் செய்தியை நீதிபதியும் படிப்பார்.