கச்சான் முதல் நத்தை வரை: லெக்டினும் வெண்குழியமும், கேள்வி பதில்

வந்தாறுமூலை மாணவர்: அக்கா, லெக்டின் என்றால் வெண்குழியத்தில் ஒட்டும் புரதம், அவ்வளவுதானே?

அது ஒட்டுவது கலத்தின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சீனிச் சங்கிலியில், தம்பி. இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் விளங்கும். கச்சான் லெக்டினை எடுங்கள், டி கலம் என்ற வெண்குழியம் முதிரும் உறுப்பான தைமஸில், முதிராத டி கலங்களில் அது நன்றாக ஒட்டும், முதிர்ந்தவற்றில் பெரும்பாலும் ஒட்டாது, ஏனென்றால் முதிரும்போது அது பிடிக்கும் கலக்டோஸ் என்ற சீனி முனையைச் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சீனி மூடிவிடுகிறது. சியாலிக் அமிலத்தை வெட்டும் நியூராமினிடேஸ் நொதியைப் போட்டு மூடியைக் கழற்றினால் அதிலும் ஒட்டும்! டி கலம் என்று பெயரைச் சொல்ல, அதன் சீடி3 புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரி போதும், ஆனால் இந்தச் சீனி மாற்றம் அதற்குத் தெரியாது.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: பலாக்கொட்டையிலும் இருக்கிறதாமே?

ஓம் டீச்சர், ஜக்கலின் என்ற லெக்டின். ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியின் இரண்டு வகைகளில் ஐஜிஏ1ஐப் பிடிக்கும், ஐஜிஏ2ஐ விட்டுவிடும். இரண்டையும் பிரிக்க நல்ல சாமான்.

கல்முனை ஆய்வுகூட ஊழியர்: மிஸ், கலங்களைப் பிரியவைக்கும் பிஎச்ஏ லெக்டினைப் போட்டும் கலங்கள் பிரிவதாக இல்லை. இரத்தம், உறையாமலிருக்க ஈடிடிஏ போட்ட குழாயில் எடுத்தது.

எனக்குக் குழாயில்தான் சந்தேகம். ஈடிடிஏ கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல்சியம் இல்லாமல் டி கலம் தூண்டப்படாது. ஹெப்பரின் குழாயில் எடுங்கள். அப்புறம் பிஎச்ஏயைப் பல செறிவுகளில் போட்டுப் பாருங்கள், கூடிப்போனாலும் கலம் செத்துவிடும். இந்தப் பிஎச்ஏ போஞ்சி இனத்துச் சிவப்பு விதையில் இருந்து வருவது; செங்குழியங்களைத் திரளவைத்து அகற்றத்தான் முதலில் பாவித்தார்கள், அதுவே நிணநீர்க்குழியங்களை (டி கலமும் இந்த வகைதான்) பிரியவைக்கிறது என்று பீட்டர் நோவெல் 1960இல் காட்டினார். பிரியும் கலத்தில் குரோமோசோம் பார்க்க இன்றும் இதைத்தான் போடுகிறோம்.

அக்கரைப்பற்று வாசகர்: ஒட்டியது சீனியால்தான் என்று எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், சோதியுங்கள். கொன்கனவலின் ஏ என்ற லெக்டின் என்றால், அது பிடிக்கும் சீனியான மீதைல் மனோசைடைச் சேர்த்து ஒரு குழாய் வையுங்கள், ஒட்டல் குறைய வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத படத்தை நான் ஏற்கமாட்டேன்.

அதே வாசகர்: விலங்குகளில்?

ஹீலிக்ஸ் நத்தையின் லெக்டின் நியூராமினிடேஸ் போட்ட டி கலங்களில் ஒட்டும். நம் உடம்பிலேயே கலெக்டின்கள் என்ற லெக்டின்கள் இருக்கின்றன, தூண்டப்பட்ட டி கலத்தைச் சாகவைக்கவும் அவற்றில் சிலதுக்கு முடியும்.

திருக்கோவில் வாசகி: அப்போ சிவப்பு விதையைப் பச்சையாகச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

வாந்திதான் வரும் தங்கச்சி. ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.