பத்மினி பிரகாஷ்: 7 மணிச் செய்தியை வாசித்தவர்

கேள்வி: கோவையில் உள்ளூர் சேனலில் செய்தி வாசித்த பத்மினி பிரகாஷின் பின்னணி என்ன? இந்த மாதிரி சேனல்களில் செய்தி வாசிப்பாளராக எப்படி வருகிறார்கள்?

நான் கொங்குப் பக்கம் ஒரு கேபிள் சேனலில் மூன்று வருடம் செய்தி வாசித்தவன். அதனால் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பத்மினி செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

எங்கள் ஸ்டூடியோ, கேபிள் ஆபரேட்டர் ஆபீஸுக்கு மேலே ஒரு சின்ன அறை. சுவரில் பச்சைத் துணி, இரண்டு விளக்கு, ஒரு மேஜை. விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று புல்லட்டின் முடியும்வரை விசிறியை நிறுத்திவிடுவார்கள். செய்தி வரிகளைக் கேமரா முன்னே ஓடவிடும் ப்ராம்ப்டர் கிடையாது. செய்தியைப் பெரிய எழுத்தில் அடித்துத் தாளில் கொடுப்பார்கள். ஒரே பார்வையில் இரண்டு வரியை மனதில் வாங்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு வரிக்குக் கண்ணைத் தாழ்த்துவது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது.

என்னோடு வாசித்தவர்களில் ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் எடுத்தவர். இன்னொருவர் நகைக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு சாயங்காலம் வருவார். இதழியல் படித்தவர் எங்களில் ஒருவருமில்லை. வாய்ஸ் டெஸ்ட் என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் ல, ள, ழ மூன்றும் நெருக்கியடித்து வரும். நடுவில் ‘1 கோடியே 37 லட்சத்து 48 ஆயிரம்’ போல ஒரு தொகையும் இருக்கும். தடுமாறாமல் வாசித்தால் வேலை. சம்பளம் சில மாதம் வரும், சில மாதம் வராது. அது வேறு கதை.

உள்ளூர்ச் செய்தியில் இன்னொரு கஷ்டம், ஊர்ப் பெயர். டெல்லிச் செய்தியில் ஒரு பெயரைத் தவறாகச் சொன்னால் யாரும் கவனிக்காமல் போகலாம். வெள்ளலூரை ‘வெல்லலூர்’ என்று ஒருமுறை சொன்னேன், புல்லட்டின் முடிவதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. அந்த ஊர்க்காரர்தான். கோபித்தது நியாயம். அவர் ஊர் டிவியில் வருவதே அபூர்வம், அதையும் சரியாகச் சொல்லவில்லையென்றால் எப்படி?

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அங்கேயும் வாசித்தவர்கள் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் இல்லை. ஷோபனா ரவியின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் என் தலைமுறை ‘தெளிவாகப் பேசுவது’ என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது. எச். ராமகிருஷ்ணன் சிறுவயதிலேயே போலியோ தாக்கியவர். அந்த நாற்காலி கேட்பது குரலையும் நிதானத்தையும்தான் என்று நான் நம்புவதற்கு அவர் ஒரு காரணம்.

இனி பத்மினி பிரகாஷ். கோவை லோட்டஸ் நியூஸ் சேனலில் 2014 ஆகஸ்ட் 15 அன்று முதல்முறையாகச் செய்தி வாசித்தார். இந்தியாவில் செய்தி வாசித்த முதல் திருநங்கை என்று நாடு முழுவதும் பத்திரிகைகள் எழுதின. அப்போது அவருக்கு வயது 31.

அவர் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது அவர் பட்ட துன்பம், அதை நான் விரித்துச் சொல்ல விரும்பவில்லை. வீட்டில் ஏற்றுக்கொள்ளாததால் 13 வயதில் வெளியேறினார். தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்து, பணமில்லாமல் இரண்டு வருடத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. பரதம் கற்றார். திருநங்கையருக்கான அழகிப் போட்டிகளில் வென்றார், சீரியலில் நடித்தார், தன் சமூகத்தின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தார். சேனலில் இருந்தவர்கள் அவரை அழைத்து, இரண்டு மாதம் பயிற்சி கொடுத்துத்தான் திரையில் உட்கார வைத்தார்கள்.

அந்த இரண்டு மாதத்தைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மேடையில் நடனம் ஆடியவருக்கும் சீரியலில் நடித்தவருக்கும் கேமரா பயம் இருக்காது. ஆனால் செய்தியில் முகபாவத்தை அடக்க வேண்டும். விபத்துச் செய்தியிலிருந்து விளையாட்டுச் செய்திக்குப் போகும்போது குரலை அரை மூச்சில் மாற்ற வேண்டும். வேகம் கூடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. உச்சரிப்பு, சீரான வேகம், தெளிவு இந்த மூன்றும்தான் தனக்குக் கவலையாக இருந்தன என்று அவரும் சொல்லியிருக்கிறார். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ‘என்னை எப்படிப் பார்ப்பார்களோ’ என்ற கவலைக்குக் காரணம் நிறைய இருந்தும், ஒரு தொழில்காரரின் கவலையைத்தான் அவர் முன்னே வைத்தார்.

காலத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008இல் வந்தது. அதே 2008இல் விஜய் டிவியில் திருநங்கையான ரோஸ் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்தினார். மூன்றாம் பாலினத்தவரைச் சட்டப்படி அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15. சரியாக நான்கு மாதம் கழித்து, சுதந்திர தினத்தன்று, பத்மினி செய்தி வாசிக்கிறார். சென்னையிலோ டெல்லியிலோ உள்ள பெரிய சேனல்கள் யோசிக்காததைக் கோவையில் ஒரு உள்ளூர் சேனல் செய்தது. இதில் எனக்கு நிஜமாகவே பெருமை உண்டு.

அப்புறம், அவரை ஒரு நாள் விருந்தாளியாகக் கூப்பிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடவில்லை. தினமும் 7 மணி புல்லட்டின் அவருடையதானது. அதுவரை டிவியில் திருநங்கையர் பெரும்பாலும் விவாதத்துக்கோ கேலிக்கோ உரிய ஆளாகத்தான் வந்தார்கள். இவர் குடிநீர்க் குழாய் உடைந்ததையும் கலெக்டர் அலுவலக மனுநாளையும் ஊருக்குச் சொல்லும் ஆளாக உட்கார்ந்தார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நன்றாகத் தெரியும். ஊர் நம் வாயிலிருந்து தன் கதையைக் கேட்கிறது, நம்மை நம்புகிறது.

பிறகு பாகிஸ்தானில் 2018 மார்ச்சில் மார்வியா மாலிக், வங்கதேசத்தில் 2021 மார்ச் 8 அன்று தஷ்னுவா ஆனான் என்று திருநங்கையர் இருவர் செய்தி வாசித்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்தபோதெல்லாம் எனக்குக் கோவைதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் செய்தி வாசிக்க வர நினைத்துக் கேட்டிருந்தால், தினமும் அரை மணி நேரம் பத்திரிகையைச் சத்தமாக வாசியுங்கள், அதை போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் வாயால் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

2014இல் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையில் இருந்தபடியே கேட்டார்: “ஏன் கண்ணு, புதுசா ஒரு புள்ள படிக்குதே, யாரு? நிறுத்தி நிதானமாப் படிக்குது.” பத்மினி என்று பெயரைச் சொன்னேன், அவரைப் பற்றியும் சொன்னேன். அம்மா வாசல்படிவரை வந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, வானிலை முடியும்வரை நின்று கேட்டார்.